கூறு போட்ட வண்டி

ஜீப்பிலிருந்து எஞ்சினை இறக்கும்போது அழகுமலை யாரையும் தொட விடவில்லை. சாக்குக்குள் சாக்கு, அதற்குள் பழைய போர்வை, போர்வைக்குள் பாலித்தீன் தாள் என்று அதைச் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்தால், பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டிலிருந்து மூணாறுப் பக்கம் சின்னக்கானலுக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. ஜீப் டிரைவர் உதவிக்கு ஒரு முனையைப் பிடிக்கப் போனான். “கைய எடு தம்பி, இது ஒனக்குப் பழக்கமில்லாத உருப்படி” என்று அவனை விலக்கிவிட்டு, சிமென்ட் மூட்டையைவிடக் கனமான அந்த இரும்பை நெஞ்சோடு அணைத்து, முக்கி முனகி, முகம் கன்றிச் சிவந்து, வாசலில் விரித்திருந்த படுதாவில் வைத்தார். வைத்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டார். பின்னால் பையோடு இறங்கிய அவர் மனைவி நாச்சம்மாள், “இப்படித்தானுங்க பொள்ளாச்சியில இருந்தே. என்னையக்கூட மடியில ஒருநாள் வெச்சதில்ல” என்றாள்.

கோமதி வாசலில் நின்று சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றது. அண்ணன் அழகுமலை மத்தியானத்துக்கு மேல்தான் வருவார், அதற்குள் தம்பிக்குச் சோறு போட்டுத் தூங்க வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். வயிறு நிறைந்தவனிடம்தான் எந்தப் பேச்சும் எடுபடும். ஆனால் இந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் சண்டைக்கு மட்டும் நேரத்துக்கு முன்பே வந்துவிடுவார்கள். தம்பி அருண்பாண்டி விடிந்ததுமே தான் வாடகைக்கு ஓட்டும் ஜீப்பில் வண்டியின் எலும்புக்கூட்டை ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தி, துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். எலும்புக்கூடு என்றால் சட்டம், இரண்டு சக்கரம், ஹேண்டில்பார், சீட்டு. வயிற்றில் இருக்கவேண்டிய எஞ்சின் இல்லாமல், குடல் எடுத்த ஆடு மாதிரி நின்றது.

இந்த வண்டியைக் கூறு போட்ட கதையை இப்போது நினைத்தாலும் கோமதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். அவள் அப்பா தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு மேனேஜரிடம் இந்தப் புல்லட்டை வாங்கி, மலை முழுக்க ஓட்டிக்கொண்டு திரிந்தார். அவர் செத்தபோது நிலமில்லை, நகையில்லை; தோட்டத்து வீட்டையும் காலி செய்து கொடுத்தாயிற்று. மிச்சம் வண்டிதான். மூத்தவனுக்குத்தான் முறை என்றார் அழகுமலை. அப்பாவைக் கடைசிவரை பார்த்தவன் நான்தான் என்றான் அருண்பாண்டி. கோயில் கமிட்டித் தலைவர் வந்து உட்கார்ந்து, காலையிலிருந்து இரண்டு தரப்பும் பேசுவதைக் கேட்டு, பசி பொறுக்க முடியாமல், “அப்ப ஆளுக்குப் பாதியா அறுத்துக்கங்கப்பா” என்று எரிச்சலில் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அவர் சொன்னது கிண்டல். கேட்டவர்கள் இவர்கள். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் ஸ்பேனரை எடுத்துவிட்டார்கள். அண்ணன் எஞ்சினைச் சாக்கில் கட்டிக்கொண்டு உடுமலை வழியாக பஸ் ஏறினார். தம்பி மிச்சத்தை வைத்துக்கொண்டான். வீட்டுப் பெண்ணுக்கும் ஒன்று சேர வேண்டும் என்று பெட்ரோல் டாங்கியையும் ஹெட்லைட்டையும் கோமதி மடியில் வைத்தார்கள். அவள் அதைக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே பரணில் போட்டாள். இத்தனை வருஷமும் புகை குடித்துக் குடித்து அது துரு ஏறாமல் உப்புக்கண்டம் மாதிரிக் கிடந்தது. சாலையில் ஓடாத எஞ்சின் ஒரு மாவட்டத்தில், எஞ்சினில்லாத வண்டி ஒரு மாவட்டத்தில். இருவரும் அதற்குப்பின் ஒருவரோடொருவர் பேசவில்லை.

பேசாமல் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் தை பிறந்ததும் மகள் ஆர்த்திக்குக் கல்யாணம். புருஷன் போய்ச் சேர்ந்தபின் கோமதி அணைக்கட்டு தெரிகிற வளைவில் டீயும் அவித்த சோளமும் விற்று ஆளாக்கிய பெண். இவர்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் மாலையும் பட்டும் கொண்டுவந்து, நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். அப்பன் இல்லாத பெண்ணுக்கு அந்த இடத்தில் வேறு ஆளும் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் பாக்கு மாற்றும்போதே, “மாமன்மாரு ரெண்டு பேராமே?” என்று கேட்டு வைத்துவிட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து போன் பண்ணினால், “அவன் பந்தலுக்குள்ள வந்தா நான் வெளிய” என்கிறார் அண்ணன். “அவரு வர்றாருன்னா சொல்லுக்கா, அன்னைக்கு நான் தேனிக்கு டிரிப் எடுத்துக்கிடுறேன்” என்கிறான் தம்பி. ஒரு மாமனை மட்டும் நிறுத்தினால் இன்னொரு மாமன் எங்கே என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்பான். ஆர்த்தியும் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் மணவறையில் உட்காருவாள்.

அதனால் கோமதி தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தாள். மாட்டுத் தரகன் துண்டுக்குள் விரலைப் பிடித்துக்கொண்டு விற்கிறவனிடம் ஒன்றும் வாங்குகிறவனிடம் ஒன்றும் சொல்வானே, அந்தத் தொழில். அண்ணனிடம், “தம்பி எறங்கி வந்துட்டான்ணே, மூத்தவருதான் எடுத்துக்கிடட்டும்ங்கான், எஞ்சினக் கொண்டா” என்றாள். தம்பியிடம், “அண்ணன் மனசு மாறிட்டாருடா, எஞ்சினக் கொண்டாந்து ஒங் கையில தர்றாராம், வண்டியக் கொண்டா” என்றாள். வந்து சேர்ந்தபின் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. சந்தைக்கு மாடு வந்து சேர்ந்தாலே பாதி வியாபாரம் முடிந்தது என்பது அவள் கட்சி.

இப்போது அழகுமலை நிமிர்ந்து, பக்கவாட்டில் நின்ற வண்டியைப் பார்த்தார். முகத்தில் ஒரு பெருந்தன்மை படர்ந்தது. “பெயின்ட்டெல்லாம் அடிச்சு வச்சிருக்கான்போல. குடுக்கிறவன் சுத்தமாக் குடுக்கணும், அதான் அழகு” என்று நாச்சம்மாளைப் பார்த்துச் சொன்னார்.

அருண்பாண்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அண்ணன் பக்கம் திரும்பாமல் கோமதியிடம், “எக்கா, கொண்டாந்தவுகளக் காப்பி குடிச்சுட்டுப் போகச் சொல்லு. மாட்டுற வேலைய நான் பாத்துக்கிடுறேன்” என்றான்.

“கோமதி, அவன்ட்டச் சொல்லு. எனக்கு அவன் மேல இப்ப ஒண்ணும் கோவமில்ல.”

“எக்கா, அவருட்டச் சொல்லு. எனக்கும் இல்ல. லேட்டாத் தந்தாலும் தந்துட்டாருல்ல.”

“என்னத்தத் தந்தேன்?”

“எஞ்சின.”

“எஞ்சினயா? யாருக்கு?”

நாச்சம்மாள் பையைக் கீழே வைத்தாள். “ஏனுங்க, யாரு யாருக்குக் குடுக்கறதுன்னு பேசீட்டுத்தான வந்தீங்க?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கோமதியைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

“நீ என்ன சொன்ன அவன்ட்ட?”

“அவருட்ட என்னத்தக்கா சொன்ன?”

“ரெண்டு பேருட்டயும் பொய்தான் சொன்னேன்” என்றாள் கோமதி. “நெசத்தச் சொல்லிக் கூப்புட்டப்ப எவன் வந்தீக? பத்திரிகைல பேரு போடணும் வாங்கன்னேன், வரல. புள்ளைக்கி மாமன் வேணும் வாங்கன்னேன், வரல. செத்த வண்டிக்கி வந்துருக்கீக ரெண்டு பேரும். எனக்கு வெக்கமா இல்ல, ஒங்களுக்கு இருக்கா?”

அவர்களுக்கும் இல்லை. அழகுமலை செருப்பைத் தேடினார். சாயங்காலம் மூணாறிலிருந்து உடுமலைக்குக் கிளம்பும் பஸ்ஸைப் பிடித்துவிடப் போவதாகவும், எஞ்சின் தன்னோடு வரும் என்றும், கல்யாணத்துக்கு மொய்யை மணியார்டரில் அனுப்புவதாகவும் அறிவித்தார். அருண்பாண்டியும் கிளம்புகிற ஆள்தான். ஆனால் போவதற்கு முன்னால் எதிரியின் சரக்கை ஒருமுறை பார்த்துவிடும் ஆசை யாருக்கும் இருக்கும். குனிந்து சாக்கைப் பிரித்து, கிக்கரின் தண்டைப் பிடித்துத் திருகினான். மறுபடி திருகினான். இரண்டு கையாலும் தொங்கினான். பிறகு எழுந்து, உள்ளங்கையைத் தட்டிக்கொண்டு, மிகுந்த சந்தோஷத்தோடு சொன்னான்: “எக்கா, போறவரக் கொஞ்சம் நிக்கச் சொல்லு. இது செத்துக் கட்டையாக் கெடக்கு. இதையா இம்புட்டுப் போர்வையில சுத்திக் கொண்டாந்தாரு?”

“போடா! முந்தாநாத்து எங் கையால சுத்துனேன். வெண்ணெயாட்டம் சுத்துச்சு.”

“வெண்ணெயாட்டமாம்! கேட்டியாக்கா, பேச்சே பொள்ளாச்சிப் பக்கமா மாறிப்போச்சு.”

அழகுமலை வந்து தானே திருகினார். அசையவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்தார். எஞ்சின்தான் உருண்டது, கிக்கர் அசையவில்லை. அவர் முகத்தில் அந்தக் கணத்தில் வந்து போனதைக் கோமதி கண்டாள். ஆத்திரத்துக்கு அடியில் ஒரு பயம். பிணத்தைத் தொட்டுப் பார்த்தவன் முகம்.

அவள் சாக்கை ஒதுக்கக் குனிந்தாள். அப்போதுதான் மூக்கில் ஏறியது. தேங்காய் எண்ணெய். சுத்தமான, செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெய். கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்குகிற ஆலையில் வேலை பார்க்கிற அண்ணன், துருப் பிடிக்காமல் இருக்க எதை ஊற்றலாம் என்று பக்கத்து மெஷின்காரனைக் கேட்டிருப்பார். அந்த ஊரில் தலைக்கும் அதுதான், தோலுக்கும் அதுதான், பப்படத்துக்கும் அதுதான். எஞ்சினுக்கு மட்டும் வேறு என்ன சொல்வார்கள்? கழுத்துவரை ஊற்றி நிரப்பியிருப்பார். பாலக்காட்டு வெயிலில் அது தண்ணீராக ஓடியிருக்கும். நேற்று ராத்திரி மூணாறில் நாச்சம்மாளின் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். எஞ்சின் வெளியே ஜீப்பில், மார்கழி உறைபனியில் கிடந்திருக்கிறது. கோமதி இன்று காலையும் தலைவார எடுத்த எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைத்து இளக்கிவிட்டுத்தான் வாரினாள். இந்த மலையில் மார்கழியில் அதைச் செய்யாத வீடு கிடையாது.

வாய்வரை வந்துவிட்டது. அண்ணே, ஒண்ணுமில்ல, எண்ணெய்தான் உறைஞ்சிருக்கு என்று ஒரு வார்த்தை. சொன்னால் என்ன ஆகும்? அண்ணன் சிரிப்பார், சாக்கைக் கட்டுவார், பஸ் ஏறுவார். கோமதி வாயை மூடிக்கொண்டாள். கடையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! விலை படியாமல் எழுந்து போகிற வியாபாரியைக் கையைப் பிடித்து இழுத்தால் இன்னும் வேகமாகப் போவான். அவன் சரக்கு சொத்தை என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள், கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

“எடுத்துட்டுப் போண்ணே” என்றாள். “செத்ததுன்னு தெரிஞ்சுபோச்சு. போற வழியில பழைய இரும்புக்குப் போட்டுரு. தூக்கிச் சொமக்காத, முதுகு வேற வலிக்கி.”

“யாருடி செத்ததுங்கிறது?” அழகுமலை படுதாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “ஸ்பேனர் எங்க?”

அடுப்படிக்குள் நாச்சம்மாள் பின்னாலேயே வந்தாள். புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “அம்மிணி, அதுக்குள்ளார என்ன இருக்குதுன்னு உனக்குத் தெரியுமல்லோ?” என்றாள்.

“தெரியும் மைனி.”

“எனக்குந் தெரியும். எங்கூட்டுல தலைக்கு வெக்க எண்ணெ இல்லாம நான் வெறுந்தலையோட கெடந்தது இந்தக் கெரகத்துனாலதான். மாசாமாசம் ஊத்துவாரு.”

“அப்ப நீங்க சொல்லலையே?”

“நீ சொல்லலையே.” நாச்சம்மாள் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். “பேசாத பேச்சு மூட்டைகட்டிக் கெடக்குது அம்மிணி. கொஞ்சம் அவுத்துக் கொட்டட்டும். நாம சோத்தப் பாக்கலாம்.”

மத்தியானம் முழுக்க மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அசையவில்லை. டீசல் ஊற்றினார்கள். முதலில் எல்லாம் கோமதி வழியாகத்தான் நடந்தது. ‘அவன்ட்டச் சொல்லு, அந்தப் பக்கம் போல்ட்டத் தொடவேண்டாம்னு.’ ‘அவருட்டச் சொல்லு, அவருக்கு முன்னாடி நான் போல்ட்டப் பாத்தவன்னு.’ அவள் இரண்டு முறை போஸ்ட்மேன் வேலை பார்த்தாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, உலையில் அரிசி இருக்கிறது என்று உள்ளேயே இருந்துவிட்டாள். பிறகு அழகுமலையின் குரல் கேட்டது: “பிடிடா மூதேவி, அங்க இல்ல, கீழ!”

“கீழதான் பிடிச்சிருக்கேன், கண்ணு தெரியலயா ஒனக்கு?”

கோமதி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நாச்சம்மாள், பேசாதே என்று விரலை உதட்டில் வைத்தாள்.

அதற்குப்பின் வாய் ஓயவில்லை. திட்டினார்கள். ஒருவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியவில்லை, இன்னொருவனுக்குப் பெண்டாட்டி சொல்லாமல் மூத்திரம் போகத் தெரியவில்லை. அப்பாவின் காரியத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போதாமல் போனது யாரால் என்பது வந்தது. என்றோ ஒரு பொங்கலுக்கு அனுப்பின சேலையைத் திருப்பி அனுப்பியது வந்தது. பஸ் போய்விட்டது, அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை முடிந்து யூனிபார்மோடு வந்த ஆர்த்தி, இரண்டு மாமன்களும் கரி அப்பின முகத்தோடு முட்டி மோதுவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, “அம்மா, கல்யாணம் எனக்கா, அதுக்கா?” என்று கேட்டாள்.

மறுநாள் காலை புல்வெளி முழுக்க உப்பைத் தூவினது போல் உறைபனி. கோமதி எழுந்து வந்தபோது இரண்டு பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அருண்பாண்டி கையில் பெரிய சம்மட்டி. ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போய்விட்டார்கள்: அடித்துப் பிளந்து பார்த்துவிடுவது.

இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் வியாபாரமும் போகும், மாடும் போகும். கோமதி உள்ளே போய் தன் தலைஎண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து எஞ்சின் மேல் வைத்தாள்.

அழகுமலை எடுத்துப் பார்த்தார். வெள்ளையாக இறுகிக் கிடந்தது. மூடியைத் திறந்து கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. உதறினார். விழவில்லை. அப்படியே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த மலையில் பிறந்து, இந்த மலையிலேயே மீசை முளைத்தவர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகுமுன் இதே மாதிரிப் பாட்டிலை வெயிலில் வைத்துக் காவல் காத்தவர்.

அருண்பாண்டி சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தான். ஒரு ஆயுசுக்குப் போதுமான கிண்டல் அந்த வாயில் தயாராக இருந்தது கோமதிக்குத் தெரிந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

“குளிர மறந்துட்டல்ல?” என்றான். “அப்பா படுக்கையில கெடந்ததும் மார்கழிதான். ராத்திரி பூரா அடுப்ப அணைய விடாம ஒக்காந்திருப்பேன். கால் ரெண்டும் இந்தப் பாட்டில் மாதிரி வெறச்சுக் கெடக்கும். தேச்சுக்கிட்டே இருக்கணும். நீ வந்து எறங்குனப்ப வெயிலு வந்துருச்சு.”

அழகுமலை பாட்டிலின் மூடியைத் திருகினார். புரி ஏறாமல் கோணிக்கொண்டு நின்றது. கழற்றி மறுபடி திருகினார். “ஆள் இல்லன்னு லீவு தரலடா” என்றார்.

“சொல்லிருக்கலாம்ல.”

“நீ கேக்க விட்டியா? நான் எறங்குனதும் ஸ்பேனரக் காட்டுன.”

“நீதான் எடுத்த.”

“நானா? டேய், மனசாட்சியத் தொட்டுச் சொல்லு...”

அய்யோ என்று கோமதி நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் மனுஷர்களாக இருந்தார்கள். அதற்கு மேல் தாங்கவில்லை.

நாச்சம்மாள்தான் அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். வெந்நீர் கொதித்ததும் எஞ்சினைக் கட்டை மேல் ஏற்றி, சாக்கை நனைத்துப் போர்த்தி, பிள்ளை பெற்றவளுக்கு வேது பிடிக்கிற மாதிரி ஆவி காட்டினார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு சொட்டு. பிறகு நூல் மாதிரி, பிறகு குழாய் திறந்த மாதிரி. நாச்சம்மாள் ஓடிப்போய் ஒரு தவலையைப் பிடித்தாள். “எம்பட எண்ணெ! வெளக்கெரிக்கவாச்சும் ஆகுமல்லோ!” கிக்கர் கடக்கென்று இறங்கியது. அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி மலையைப் பார்த்தான்.

எஞ்சினைச் சட்டத்தில் உட்கார வைத்ததும் வண்டி ஓடிவிடும் என்று கோமதி நம்பினாள். வண்டி வைத்திருப்பவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கிளட்ச் கேபிள் தேனியில் இருக்கும் என்றார்கள்; தேனிக்காரன் கோயம்புத்தூரில் இருக்கும் என்றான்; கோயம்புத்தூர்க்காரன், இதையெல்லாம் இன்னும் யாரு சார் ஓட்டுறா என்று கேட்டுவிட்டு, இல்லாத சாமானுக்கு உண்டான விலையைச் சொன்னான். அவனிடம் கோமதியே போனில் பேசி, “அண்ணாச்சி, வாங்க ஆளில்லாத சரக்குக்கு நீங்கதான் எனக்குக் காசு தரணும்” என்று பாதிக்குக் கீழே இறக்கினாள். பரணிலிருந்து இறக்கின டாங்கியைக் கழுவினால் கழுவக் கழுவக் கரி வந்தது. இதற்கிடையில் பந்தல்காரன் வந்தான், சமையல்காரன் வந்தான், பத்திரிகை அச்சடிக்கிறவன் வந்தான். பத்திரிகையில் தாய்மாமன்மார் பெயர் யாருடையது முதலில் என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. கோமதி கடையைத் திறந்தே நாளாயிற்று. அழகுமலை ஆலைக்குப் போன் பண்ணி முதுகுவலி என்று லீவை நீட்டினார், அது பொய்யில்லை.

போகிக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லாம் பூட்டி முடிந்தது. அழகுமலை உதைத்தார். ஒன்றுமில்லை. அருண்பாண்டி உதைத்தான். ஒன்றுமில்லை. மறுபடி அழகுமலை உதைத்தபோது கிக்கர் திருப்பி உதைத்ததில் அவர் அவரைக்காய்ப் பந்தலுக்குள் போய் விழுந்தார். எழுந்து வந்து, “உசுரு இருக்குடா!” என்றார். அடுத்த உதைக்கு ஒரு வெடி வெடித்தது, லயத்து வரிசைவீட்டு நாய்கள் எல்லாம் குரைத்தன. அடுத்ததற்கு அது பிடித்துக்கொண்டது. டுப், டுப், டுப் என்று வீட்டுத் தகரம் அதிர்ந்தது. சைலன்சரிலிருந்து வெள்ளைவெளேரென்று புகை. உள்ளே ஒட்டிக்கிடந்த எண்ணெய் எரிந்து, லயம் முழுக்க நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொரிக்கிற மணம். பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள் எட்டிப் பார்த்து, “கல்யாணப் பலகாரம் இப்பவே போட்டாச்சா கோமதி?” என்றாள்.

இரண்டு பேரும் வண்டிக்கு இரண்டு பக்கமும் நின்று அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்கள். சரி, மாமன் சீர் இந்த வண்டியிலேயே வரட்டும், ஒருவர் ஓட்ட ஒருவர் மாலைத் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்காரட்டும் என்று கோமதி சொன்னதுதான் தப்பு.

“நான் ஓட்டுறேன். அவன் தட்டத்தப் பிடிக்கட்டும்.”

“ஏன், நான் ஓட்டுறேன், நீ பிடி. மலையில தெனம் வண்டி ஓட்டுறவன் யாரு?”

“அது ஜீப்புடா. இதுக்குக் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாமத்தான் நேத்து ரெண்டையும் மாட்டுனேனா?”

“ஓட்டுறவன்தாண்டா மாமன். பின்னால ஒக்கார்றவன் சொமகூலி.”

“அப்ப நீதான் சொமகூலி!”

“ரெண்டு பேரும் ஓட்டவேணாம்!” கோமதியின் கத்தலில் கருப்பாத்தாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். “எம் புள்ள நடந்தே போகும். மாமனும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். கடத்தெருவுல போற ஒருத்தனக் கூப்புட்டு, தம்பி கொஞ்சம் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போன்னு கேட்டா வந்துருவான். ஒங்கள மாதிரிப் பத்து நாளு சோறு தின்னுட்டு...”

அவள் முடிக்கவில்லை. அழகுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். “பேசிக்கிட்டே நின்னா ஆச்சா? மொதல்ல ஓட்டிப் பாக்கணும்ல.” கியரைத் தட்டினார். வண்டி நகர்ந்தது. அருண்பாண்டி நாலெட்டு ஓடிப்போய்ப் பின்னால் தொற்றினான்.

“எறங்குடா!”

“நீ விழுந்தா வண்டிய யாரு தூக்குறது? ஓட்டு.”

வண்டி ஆடி ஆடி வாசல் சரிவில் இறங்கி, கல் பாவின தோட்டச் சாலையில் ஏறி, முதல் வளைவில் மறைந்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே இரண்டு பேருடைய சத்தமும் கேட்டது. பிரேக்கப் பிடி என்கிறான் ஒருவன், எனக்குத் தெரியும் என்கிறார் இன்னொருவர். இரண்டாவது வளைவில் பேச்சு கேட்கவில்லை, வண்டி மட்டும் கேட்டது. மூன்றாவதில் அது மெலிந்து, பள்ளத்துக்குள்ளிருந்து யாரோ மரம் கொத்துவதுபோல் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

கோமதி வேலியோரம் வந்து நின்றாள். ஆர்த்தி வந்தாள். நாச்சம்மாள் ஈரக் கையோடு வந்தாள்.

“விழுந்துட்டாங்களாம்மா?”

“விழுந்திருந்தாச் சத்தம் வந்திருக்குமல்லோ கண்ணு” என்றாள் நாச்சம்மாள். “வண்டிச் சத்தத்தச் சொல்லல, உங்க மாமனுக சத்தத்த.”

காத்திருந்தார்கள். பள்ளத்திலிருந்து எதுவும் வரவில்லை. வெயில் சாய்ந்து தேயிலையின் ஒரு பக்கம் மட்டும் பச்சையாக இருந்தது. கோமதி ஒரு கணம் அண்ணன் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பதைப் பார்த்தாள், தம்பி பின்னாலிருந்து ஹேண்டில்பாரைப் பிடுங்குவதைப் பார்த்தாள், பத்திரிகையில் அச்சடித்த இரண்டு பெயர்களைப் பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா என்று காலைத் தூக்கினாள்.

அப்போது ஆர்த்தி கையை நீட்டினாள். கீழே, அடுத்த சரிவில், சாலை தேயிலைக்குள் புதைந்து போகிற இடத்தில், செடிகளுக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன. வண்டி தெரியவில்லை. முன்னால் ஒரு நரைத்த தலை, பின்னால் ஒரு கறுத்த தலை. இரண்டும் தாழ்ந்து, பாரம் தள்ளி மூச்சு வாங்குகிற ஆட்கள் மாதிரி ஏறி இறங்கி, மேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தன. நரைத்த தலை அடிக்கடி பின்னால் திரும்பி எதையோ சொன்னது. கறுத்த தலை ஆட்டி ஆட்டி மறுத்தது. ஒரு இடத்தில் இரண்டும் அசையாமல் வெகுநேரம் நின்றன. பிறகு மறுபடி நகர்ந்தன. நடுவே ஒரு வண்டியின் நீளத்துக்கு இடைவெளி இருந்தது. வளைவு வந்தது, மேடு வந்தது. அந்த இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.